ஆர்.எஸ்.ஏ. எடுக்கலாமா வேண்டாமா: தொப்பூர் முதல் ஜூஜூவாடி வரை ஒரு கணக்கு

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஜீரோ டெப், இன்ஜின் பாதுகாப்பு என்று வரிசையாக வரும் பெட்டிகளுக்கு நடுவே "ரோட்சைடு அசிஸ்டன்ஸ்" என்று ஒன்று இருக்கும். சுருக்கமாக ஆர்.எஸ்.ஏ., வழியில் நின்ற வண்டிக்கு ஆளோ ரெக்கவரி வண்டியோ அனுப்பும் சேவை. பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டாலோ, "இந்தியா முழுக்க எங்க நின்னாலும் வண்டி வரும் சார்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஒரு மெம்பர்ஷிப்பை நீட்டுவார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்று, பட்டியலில் இருக்கும் சேவைகளும் ஏறக்குறைய ஒன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கார் வைத்திருப்பவர் எதற்குக் காசு கொடுக்கலாம், எது தண்டம் என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ்.ஏ.வில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது கிலோமீட்டரைத்தான். வண்டி நின்ற இடத்திலிருந்து அதைச் சரிபார்க்கும் இடம்வரை எத்தனை கிலோமீட்டர் இலவசமாக ஏற்றிப்போவார்கள்? இந்த ஒரு எண்ணை வைத்தே திட்டத்தை எடை போடலாம். பஞ்சர், பேட்டரி, பெட்ரோல், சாவி என்று பட்டியலில் மினுக்கும் மற்றதெல்லாம் டிக்கியில் மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு பை வைத்திருந்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகிற விஷயங்கள்.

அதற்கும் முன்னால், ஏற்கெனவே உங்களிடம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இரண்டு முறை காசு கட்டுவது இங்கேதான். புது கார் வாங்கும்போது பெரும்பாலான கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஆர்.எஸ்.ஏ. சேர்த்தே தருகின்றன. வாரன்டி புத்தகத்தின் பின்பக்கத்திலோ, கம்பெனியின் ஆப்பிலோ காலாவதி தேதி இருக்கும். எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுத்தவர்களுக்கு அதோடு சேர்ந்து நீண்டிருக்கவும் வாய்ப்புண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போது பாலிசியிலும் அதே பெட்டியை டிக் செய்வது வீண். பழைய கார் வாங்கியிருந்தால், முதல் ஓனர் பெயரில் இருந்த ஆர்.எஸ்.ஏ. உங்களுக்கு மாறுமா என்று வண்டி நம்பரைச் சொல்லி ஹெல்ப்லைனில் கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது கார்களுக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான) இன்சூரன்ஸ் கட்டாயம். ஓன் டேமேஜ், அதாவது நம் காரின் சேதத்துக்கான பகுதியைப் பலர் ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். இரண்டாம் வருடம், "இன்சூரன்ஸ்தான் மூணு வருஷம் இருக்கே" என்று ஓன் டேமேஜைப் புதுப்பிக்காமல் விட்டால், அதோடு ஒட்டியிருந்த ஆர்.எஸ்.ஏ. ஆட்-ஆனும் (பாலிசியில் கூடுதலாகச் சேர்த்த பெட்டி) சேர்ந்து போய்விடும். வண்டி நின்று போன் போடும்போதுதான் அது தெரியவரும். ஆட்-ஆனை வழக்கமாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும், நடுவில் சேர்ப்பது அரிது.

விபத்துக்கு வேறு கணக்கு. சாதாரண ஃபுல் கவர் பாலிசியின் நிலையான வாசகத்திலேயே, விபத்தில் சேதமான காரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு 1,500 ரூபாய் வரை உண்டு. பைக்குக்கு 300 ரூபாய். ஆர்.எஸ்.ஏ. இல்லாவிட்டாலும் கிளெய்ம் போடும்போது டோ (வண்டியை இழுத்தோ ஏற்றியோ கொண்டுபோன) ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். கிளட்ச் போனது, பெல்ட் அறுந்தது போன்ற பிரேக்டவுனுக்கு இதில் ஒரு பைசா வராது.

பட்டியலில் இருப்பதும் டிக்கியில் இருக்க வேண்டியதும்

பேட்டரியில் ஆரம்பிக்கலாம். செல்ஃப் அடித்தால் "கட கட" என்ற சத்தம் மட்டும் வருகிறது, டேஷ்போர்டு விளக்கு மங்குகிறது என்றால் பேட்டரி டவுன். சாதாரண 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழே போனால் அதில் ஒன்றும் மிச்சமில்லை. நம் பக்கத்து வெயிலில் மூன்று, நான்கு வருடம் தாண்டிய பேட்டரியை நம்பி வெளியூர் போகக்கூடாது.

ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி இருந்தால் ஆர்.எஸ்.ஏ. ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரோட்டில் வரும் எந்தக் காரும் உதவும். சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கவ்வவிடுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிவதால் அந்தப் பொறி பேட்டரிக்குப் பக்கத்தில் விழக்கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. மெல்லிசான மலிவு கேபிள் சூடாகுமே தவிர இன்ஜினைச் சுழற்றாது, தடித்த செப்புக் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்.எஸ்.ஏ. ஆளே வந்து ஜம்ப் கொடுத்தாலும், வண்டி உயிர்பெற்றதும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 13க்குக் கீழே என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் இருக்கிறது. அப்படியே கிளம்பினால் கிருஷ்ணகிரியில் ஸ்டார்ட் ஆன வண்டி காரிமங்கலத்தில் நிற்கும். முதல் அழைப்பு "சரிசெய்யப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கும். திட்டத்தில் வருடத்துக்கு நான்கு முறை என்பது போல ஒதுக்கீடு இருந்தால் அதில் ஒன்று போயிருக்கும், அடுத்ததையும் இப்போது எடுக்க வேண்டும். மீட்டர் குறைவாகக் காட்டினால் அங்கேயே டோ கேட்பதுதான் புத்திசாலித்தனம். சில புதிய கார்களின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் சில நேரம் வேண்டுமென்றே குறைவாகக் கொடுக்கும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

பஞ்சர் விஷயத்தில் ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு. ஆர்.எஸ்.ஏ.காரர் வந்து பஞ்சர் ஒட்டமாட்டார். உங்கள் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை மாட்டித்தருவார், அவ்வளவுதான். ஸ்டெப்னியில் காற்று இல்லை என்றாலோ, ஸ்டெப்னியே இல்லை என்றாலோ அவர் கையைப் பிசைவார், பிறகு டோ. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் சென்சார், ரிப்பேர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. அதன்பின் ஸ்டெப்னி இல்லாமலே வரும் கார்கள் உண்டு. வாங்கியவர்கள் பலர் டிக்கிப் பலகையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. பாருங்கள்.

ஸ்டெப்னி இருந்தாலும் நம்மூரில் அடுத்த வில்லங்கம் நட்டு. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய வீல் நட்டை, காரோடு வரும் குட்டி ஸ்பேனரால் சாலையோரத்தில் அசைக்க முடியாது. கூட்டல் குறி வடிவ வீல் ஸ்பேனர் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஜாக்கி ஏற்றும் முன், டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். அலாய் வீலுக்கு லாக் நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வையுங்கள். அது இல்லாமல் ஆர்.எஸ்.ஏ.காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. டயரின் தரை படும் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் ஓட்டையை அடைக்கும் ஸ்ட்ரிப் கிட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் போதும், சக்கரத்தைக் கழற்றாமலே கால் மணி நேரத்தில் கிளம்பலாம். பக்கச்சுவரில் கிழிந்திருந்தால் எதுவும் ஒட்டாது.

பெட்ரோல் தீர்ந்தால் ஐந்து லிட்டர் கொண்டுவருவார்கள், பெட்ரோல் காசு பெரும்பாலும் உங்களுடையது. தேசிய நெடுஞ்சாலை 44இல் பங்குக்குப் பஞ்சமே இல்லை என்பதால் இந்தச் சேவையை விலைக்குள் கணக்கிடவே வேண்டாம். டீசல் வண்டியில் டேங்க் வறண்டுபோனால் மட்டும் எரிபொருள் ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகாது. லைனில் காற்று புகுந்திருக்கும், கைப்பம்பு இருந்தால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் காருக்கு டீசல் ஊற்றிவிட்டார்கள் என்றால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், அதற்கு டோதான் வழி.

சாவி உள்ளே மாட்டிக்கொள்வது, பழைய கார்களில் மட்டும் ஆர்.எஸ்.ஏ. ஆளால் எளிதாகத் தீரும்.

கிலோமீட்டர் கணக்கு

மிச்சமிருப்பது டோ. நம் இரண்டு மாவட்டங்களின் அமைப்பு இங்கேதான் முக்கியமாகிறது. கிருஷ்ணகிரி மூன்று பெரிய சாலைகள் பிரியும் இடம். ஓசூர் வழியாகப் பெங்களூரு, வேலூர் வழியாகச் சென்னை, தருமபுரி வழியாகச் சேலம். அதிகம் விற்கும் கார்களுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் சர்வீஸ் சென்டர் இருக்கும். குறைவாக விற்கும் பிராண்டு என்றால் சேலமோ பெங்களூருவோதான். முதலில் உங்கள் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களிலிருந்து அதற்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள்.

தோராயமாகச் சில தூரங்கள்: பென்னாகரத்திலிருந்து தருமபுரி 30, ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி 46, அரூரிலிருந்து தருமபுரி 40, ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி 50, தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் 25, அஞ்செட்டியிலிருந்து ஓசூர் 50க்குப் பக்கம். தருமபுரியிலிருந்து சேலம் 65. திட்டங்களில் இலவச டோ பெரும்பாலும் 25 கிலோமீட்டர் அல்லது 50 கிலோமீட்டர். 25 கிலோமீட்டர் திட்டம் சென்னைக்குள் ஓடும் காருக்குச் சரி. இங்கே அது பாதி வழியில் மீட்டரை ஓடவிடும். 50 கிலோமீட்டர் என்றால் மாவட்டத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் ரெக்கவரி வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 2,000 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக எடுத்த எண். உங்கள் ஊர் ரெக்கவரி வண்டிக்காரரிடம் போனில் கேட்டு உண்மை எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், அவர் நம்பரும் உங்களிடம் சேரும். பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு 2,800 ரூபாய். 400 ரூபாய் ஆட்-ஆன் எடுத்தவருக்கு ஏழு வருடத்தில் ஒரே ஒரு முறை இது நடந்தாலே போட்ட காசு திரும்பிவிடும். 2,500 ரூபாய் மெம்பர்ஷிப் எடுத்தவருக்கு ஏறக்குறைய வருடாவருடம் வண்டி நிற்க வேண்டும். வருடாவருடம் நிற்கும் காருக்குத் தேவை மெம்பர்ஷிப் அல்ல, நல்ல மெக்கானிக்.

அதே கார் ஒகேனக்கல்லில் நின்று, ஒர்க்‌ஷாப் சேலத்தில் என்றால்? தருமபுரி வழியாக 110 கிலோமீட்டர், 6,000 ரூபாய். 50 கிலோமீட்டர் இலவசம் என்றால் மீதி 60க்கு 2,400. 25 கிலோமீட்டர் திட்டமென்றால் 3,400. சில திட்டங்களில் ஒரு குறும்பு வாசகம் இருக்கும்: கிலோமீட்டரைப் போக வரச் சேர்த்துக் கணக்கிடுவார்கள், அல்லது ரெக்கவரி வண்டி தன் ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே எண்ணுவார்கள். அப்படியானால் 50 என்பது உண்மையில் 25 அல்லது அதற்கும் கீழே. காசு கட்டும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரை ஒரு வழியா, போக வரவா?" இரண்டாவது கேள்வி, எல்லை தாண்டினால் கூடுதல் கிலோமீட்டருக்கு என்ன ரேட், டோல் யார் கட்டுவது.

கார் கம்பெனியின் ஆர்.எஸ்.ஏ. பெரும்பாலும் தன் டீலரிடம்தான் கொண்டுபோய் விடும். இன்சூரன்ஸ் ஆட்-ஆனில் பல நேரம் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்கும் கொண்டுபோகச் சொல்லலாம். வாரன்டி முடிந்து, பாலக்கோட்டிலோ பர்கூரிலோ தெரிந்த மெக்கானிக்கிடம் வேலை பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் வசதி. ஆர்.எஸ்.ஏ.வைப் பயன்படுத்தினால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. வெறும் பிரேக்டவுன் டோவைச் சேதத்துக்கான கிளெய்மாக எண்ணுவதில்லை, போனஸ் வழக்கமாக அப்படியே இருக்கும்.

1033 எதுவரை

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033. இது நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர எண். சுங்கச்சாவடி நடத்துபவர்கள் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கட்டும் டோலில் அதுவும் அடக்கம். கிருஷ்ணகிரி, பாளையம் டோல்கேட் பக்கம் நின்றால் ரோந்து வண்டி வந்து கூம்பு வைத்து, வாகனத்தை ஓரத்துக்கோ பக்கத்துப் பாதுகாப்பான இடத்துக்கோ நகர்த்தித் தரும். அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு அல்ல. ஆகவே ஆர்.எஸ்.ஏ. இருந்தாலும் முதல் அழைப்பு 1033க்குத்தான், இரண்டாவது ஆர்.எஸ்.ஏ.வுக்கு. ரெக்கவரி வண்டி வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், அதுவரை ஆபத்தான இடத்தில் நிற்கக்கூடாது.

தொப்பூர் கணவாயில் இது உயிர்ப் பிரச்சினை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் லாரிகள் முன்னால் நிற்கும் வண்டிகளில் மோதுவது அங்கே பலமுறை நடந்திருக்கிறது. உங்கள் கார் அங்கே நின்றால் உள்ளே உட்கார்ந்து ஏசி போட்டுக் காத்திருக்காதீர்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை வண்டிக்கு 50 மீட்டராவது பின்னால் வைத்து, எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு வெளியே, வண்டிக்கு மேட்டுப் பக்கமாகத் தள்ளிப் போய் நில்லுங்கள். இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ இறங்கினால் பிரேக்கே அதிகம் தேவைப்படாது. கருகல் வாடை வந்து பெடல் மெத்தென்று உள்ளே போனால், பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய பிரேக் டிஸ்க் வளைந்துவிடும்.

சேலத்திலிருந்து வரும்போது அதே இடம் ஏற்றம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது மேலுமலை, சூளகிரி ஏற்றமும், ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் திரும்பும் மலைப்பாதையும் அப்படியே. மார்ச் முதல் மே வரை ஆள் நிறைய ஏற்றிய பழைய கார்கள் ஹீட் ஆகி நிற்பது இங்கெல்லாம்தான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். வெந்துபோவீர்கள், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும். அப்படியும் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடக்கூடாது. ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி ஓட்டிவிடலாமா, டோ கேட்பதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: ஆயில் டிப்ஸ்டிக்கிலோ மூடியிலோ பால் கலந்த காபி மாதிரி நிறம் இருந்தாலும், புகைக்குழலில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வெறும் ஹோஸ் கசிவு என்றால் டேப் சுற்றிப் பக்கத்து ஷெட் வரை மெதுவாகப் போகலாம்.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் கதை வேறு. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதை, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள், அரூர் பக்கம் சித்தேரி, தருமபுரிக்கு மேலே வத்தல்மலை ஆகிய இடங்களில் 1033 வராது. சிக்னலும் விட்டுவிட்டு வரும். ஆர்.எஸ்.ஏ. மிகவும் தேவைப்படும் இடமும் இதுதான், அது மிகத் தாமதமாக வரும் இடமும் இதுதான். காரை முழுசாக மேலே ஏற்றிப்போகும் நீளமான பிளாட்பெட் லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்ப இடம் தேடும். யானை நடமாடும் பாதையில் இருட்டிய பிறகு வர எந்த ரெக்கவரி டிரைவரும் யோசிப்பார், அதில் தப்பும் இல்லை. அங்கே வண்டி நின்றால் இறங்கி நடக்காமல், அடுத்து வரும் பேருந்திலோ காரிலோ ஒருவரை அனுப்பிச் சிக்னல் உள்ள இடத்திலிருந்து பேசச் சொல்லுங்கள். இந்தப் பாதைகளை மனதில் வைத்து விலை உயர்ந்த திட்டம் எடுப்பவர்கள், "வாகனம் சென்றடையக்கூடிய தார்ச்சாலை மட்டும்" என்ற நிபந்தனையைத் தேடிப் படியுங்கள்.

பொடி எழுத்தில் இருப்பவை

மஞ்சள் போர்டு. தனியார் காருக்கான ஆட்-ஆன் டாக்ஸிக்கோ சரக்கு வண்டிக்கோ செல்லாது, அவற்றுக்குத் தனித் திட்டம் பார்க்க வேண்டும். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிக்கும் கூழ் தொழிற்சாலைக்கும் ஓடும் பிக்கப் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: லோடோடு இழுப்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். லோடை வேறு வண்டிக்கு மாற்றிய பிறகுதான் கை வைப்பார்கள். மாற்றும் கூலியும் வாடகையும் உங்கள் கணக்கில். வெயிலில் காயும் மாங்காய்க்கு அந்த இரண்டு மணி நேரம்தான் நஷ்டமே. அவர்களுக்கு மெம்பர்ஷிப்பைவிட, கூப்பிட்டதும் வரும் இன்னொரு பிக்கப்காரரின் நம்பர் மேல்.

வண்டி வயது வரம்பு 10 அல்லது 15 வருடம் என்று இருக்கலாம். பழைய காருக்குத்தான் தேவை அதிகம், பழைய காரைத்தான் கழித்தும் விடுவார்கள். பல தனித் திட்டங்களில் காசு கட்டிய முதல் சில நாட்கள் சேவை கிடையாது. ரோட்டோரத்தில் நின்றுகொண்டே ஆன்லைனில் மெம்பர்ஷிப் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களைத் தடுக்கத்தான் அது.

ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ், எலக்ட்ரிக் கார் என்றால் கேள்வியே மாறுகிறது. முன் சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகும் பழைய பாணி டோ, முன்சக்கரம் ஓட்டும் மேனுவல் காருக்குப் போதும். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸ் ஆயில் பம்ப்பும் ஓடாது, ஓட்டும் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே உராய்ந்து தேயும். எலக்ட்ரிக்கில் ஓட்டும் சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்க ஆரம்பிக்கும். இவற்றை நான்கு சக்கரமும் மேலே இருக்கும்படி பிளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும். கியர்பாக்ஸ் வேலைக்கு ஆகும் செலவைப் பார்த்தால், பிளாட்பெட்டை எழுத்தில் உறுதியளிக்கும் திட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். எலக்ட்ரிக் காரில் சார்ஜ் தீர்ந்தால் பக்கத்து சார்ஜர் வரைதான் கொண்டுவிடுவார்கள், அது ஒரு டோ என்றே கணக்காகும்.

என்னைக் கேட்டால்: கம்பெனி ஆர்.எஸ்.ஏ. முடிந்துவிட்ட மேனுவல் காருக்கு, 50 கிலோமீட்டர் ஒரு வழி டோ தரும் இன்சூரன்ஸ் ஆட்-ஆன் 500 ரூபாய்க்குள் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். 2,000க்கு மேல் போகும் தனி மெம்பர்ஷிப், ஒர்க்‌ஷாப் சேலத்திலோ பெங்களூருவிலோ மட்டும் இருக்கும் பிராண்டுக்கும், ஓசூர் தாண்டி இரவில் தனியாக அடிக்கடி ஓட்டுபவர்களுக்கும், ஆட்டோமேட்டிக், எலக்ட்ரிக் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். தருமபுரிக்குள் பள்ளிக்கூடம், கடை, கல்யாணம் என்று ஓடும் காருக்கு அது தேவையில்லை. பைக்குக்கு எதுவுமே வேண்டாம். நின்றால் ஒரு குட்டி யானையைப் பிடித்து ஏற்றினால் வேலை முடிந்தது. ஏற்றும்போது பக்கவாட்டில் கயிறு கட்டி, ஸ்டாண்டை மட்டும் நம்பாமல் இருந்தால் போதும்.

கூப்பிடும்போது வண்டி நம்பர், பாலிசி நம்பர், கிலோமீட்டர் கல்லின் எண், எந்த ஊரை நோக்கிய பக்கம் என்று நான்கையும் சொல்லுங்கள். "தொப்பூர் பக்கத்தில்" என்று மட்டும் சொன்னால் எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும் ரெக்கவரி வண்டி, திரும்பி வரப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். கேஸ் நம்பர் எஸ்.எம்.எஸ்ஸில் வரும்வரை போனை வைக்காதீர்கள். "வண்டி கிடைக்கவில்லை, நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், பணம் தருகிறோம்" என்றால் அதை எஸ்.எம்.எஸ்ஸாகவோ மெயிலாகவோ வாங்கிய பிறகே தனியார் வண்டியைக் கூப்பிடுங்கள். வாய்வார்த்தைக்குப் பணம் திரும்ப வராது.

ஏற்றும் முன் நான்கு பக்கமும், ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பம்பரில் சின்ன மூடியைத் திறந்து திருகும் டோ ஹூக் டூல் கிட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பழைய கார் வாங்கியவர்களிடம் இது பல நேரம் இருக்காது. அது இல்லாமல் வின்ச் கம்பியை சஸ்பென்ஷனில் மாட்டி இழுத்தால் அலைன்மென்ட் போகும். பிளாட்பெட்டில் ஏறிய கார் டோல்கேட் தாண்டும்போது உங்கள் ஃபாஸ்டேக்கையும் கருவி படித்துக் காசு எடுத்துவிட வாய்ப்புண்டு. கண்ணாடியின் உட்பக்கம் ஃபாஸ்டேக் மேல் அலுமினியத் தாளை மடித்து ஒட்டிவிடுங்கள், வண்டி இறங்கியதும் எடுத்துவிடலாம்.